தோளில் ஒரு கோடு குறைந்த நாள்

மாப்ள,

என் விமானப் பையைத் திறந்தால் இன்றைக்கும் கருவாட்டு வாசனைதான். என் வீட்டுக்காரி அதை உள்ளே விடுவதில்லை. வாசலில் செருப்புக்குப் பக்கத்தில்தான் அதற்கு இடம். போன வாரம் மதுரை விமான நிலையத்தில் ஸ்கேனர் முன்னால் உட்கார்ந்திருந்த புது ஆள் திரையைப் பார்த்தார், என் தோளில் இருந்த நாலு கோட்டைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். "கேப்டன், இது என்ன சார்?" "வாளை" என்றேன். பக்கத்தில் நின்ற பழைய ஆள், "அவரு அப்படித்தான், விடுப்பா" என்று சிரித்தார். கருவாட்டு கேப்டன் என்ற இந்தப் பெயரை எனக்கு வாங்கிக் கொடுத்தவன் நீதான்.

இப்போது அந்தப் பைக்குள் ஒரு கடிதமும் கிடக்கிறது. உன் பழைய கம்பெனி என்னைக் கூப்பிடுகிறது, இரண்டாவது முறையாக. சம்பளத்தைப் படித்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்கிறார்கள். முதல் முறை கூப்பிட்டபோது யோசனை கேட்க நீ இருந்தாய். இப்போது உனக்குக் கடிதம்தான் எழுத முடிகிறது.

இராமநாதபுரத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த இரண்டு பேர் ஒரே வேலைக்கு வந்ததே பெரிய கூத்து. நான் திருவாடானைப் பக்கத்து வயக்காட்டுப் பையன். எங்கள் அய்யாவுக்கு டிராக்டர்தான் உயர்ந்த வாகனம். நீ கீழக்கரைக்காரன், உன் வாப்பா துபாயிலிருந்து வரும்போதெல்லாம் விமானத்தில் கொடுத்த பிளாஸ்டிக் கரண்டிகளைக் கொண்டுவந்து தருவார், நீ அவற்றை வகுப்பில் காட்டிப் பெருமையடிப்பாய். அந்தக் கரண்டிகள் மேல் எனக்கு இருந்த பொறாமைதான் என்னை விமானியாக்கியது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை.

படித்து முடித்ததும் நீ ஒரு கம்பெனி, நான் அதற்குப் போட்டிக் கம்பெனி. இரண்டும் சென்னையிலிருந்து மதுரைக்குக் காலையில் பத்து நிமிட இடைவெளியில் விமானம் விட்டன. பயணிகளைப் பிடிக்க அவர்கள் அடித்துக்கொண்டார்கள் என்றால், நாம் கருவாட்டுக்காக அடித்துக்கொண்டோம். சக்கரத்துக்கு அடியில் வைத்த கட்டையைக் குறித்த நேரத்துக்கு எடுத்தவன் ஜெயித்தான். தோற்றவன் அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பாம்பனில் கருவாடு வாங்கி வர வேண்டும். "வானத்துல வெரட்டி ஓட்டி ஜெயிச்சா செல்லாது மாப்ள, தரையிலயே முடிக்கணும்" என்று விதி போட்டவன் நீ. அதனால் பெட்டி ஏற்றுகிறவர்களுக்கும் துப்புரவுக்காரர்களுக்கும் நம் பந்தயம் தெரியும். "சார், இன்னைக்குக் கருவாடு நமக்குத்தான்" என்று அவர்களே கட்டை விரலைக் காட்டுவார்கள்.

கட்டைதான் நமக்குக் கஞ்சி ஊற்றியது. கட்டையை எடுத்த நிமிடம் முதல் போய்ச் சேர்ந்து கட்டையை வைக்கிற நிமிடம் வரைதான் நம் மணிக்கணக்கு. பனிமூட்டத்தில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் காத்திருந்தால் அது கணக்கில் வராது. என் கம்பெனியில் மணி குறைவு, சம்பளமும் குறைவு, பாதி நாள் வீட்டில் சாப்பாடு. உன் கம்பெனியில் அதிக மணி ஓட்டினால் அதிகக் காசு. நாங்கள் சம்பள உயர்வு கேட்டால் எங்கள் ஆட்கள் உங்களைக் காட்டுவார்கள்: "அவுங்க ஓட்டுற மணிய நீங்களும் ஓட்டுங்க, தர்றோம்." நீங்கள் ஓய்வு கேட்டால் உங்கள் ஆட்கள் எங்களைக் காட்டுவார்கள்: "அவுங்க உங்கள விடக் கம்மிக்குத்தான் ஓட்டுறாங்க, சும்மா இருங்க." உன்னைக் காட்டி என்னையும் என்னைக் காட்டி உன்னையும் மிரட்டியே அவர்கள் பிழைப்பை ஓட்டினார்கள். நமக்கு அது புரிய எத்தனை வருஷம் ஆனது பார்.

ஏனென்றால் நீ பீற்றிக்கொள்வதில் மன்னன். புது கார் வாங்கினால் அதன் ஹாரனை எனக்குப் போனில் அடித்துக் காட்டினாய். என் வயிறு எரிந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். அந்த எரிச்சலில்தான் உன் கம்பெனி முதல் முறை கூப்பிட்டபோது சரியென்று தலையாட்டிவிட்டேன். என் மகள் பிறந்து நாலு மாதம். டெல்லியில் இருந்துதான் ஓட்ட வேண்டும் என்றார்கள். வீட்டுக்காரி அந்த மாதம் முழுக்க ரசம் மட்டும் வைத்தாள். அய்யா, "டெல்லியில இருந்து களையெடுப்புக்கு வர ஏலுமாப்பா?" என்று மட்டும் கேட்டார்.

விண்ணப்பத்தில் கம்பெனிக்குள்ளிருந்து ஒரு ஆள் சிபாரிசு எழுத வேண்டும். ஒரு கேப்டனைக் கூட்டிவந்தால் உனக்கும் நல்ல வெகுமதி உண்டு. அந்த வாரம் பந்தயத்தில் நீ தோற்றிருந்தாய். கருவாடு வாங்கப் பாம்பனுக்குச் சேர்ந்து போனோம். பாலத்துக்கு இந்தப் பக்கத்து டீக்கடையில் காலை பத்து மணிக்கு நான் தாளை எடுத்து உன் முன்னால் வைத்தேன். நிமிர்ந்து பார்த்தால், பாதி வடையைக் கையில் பிடித்தபடி நீ தூங்கிக்கொண்டிருந்தாய்.

டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "தம்பி ராத்திரி மீனுக்குப் போட்டுல போயிட்டு வந்தாகளா? கண்ணு சொருகுதே."

"ஆமாண்ணே, பெரிய போட்டு" என்றேன்.

விழித்தாய். பேனாவை எடுத்தாய், எழுதவில்லை. எவ்வளவு நேரம் அந்தப் பேனாவின் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினாய் என்று எனக்கு நினைவிருக்கிறது.

"ஏலே மாப்ள, இம்புட்டு வருசமா உங்கிட்ட சம்பளத்த மட்டுந்தான் சொன்னேன். தூக்கத்தச் சொல்லல."

"என்னடா சொல்றே?"

"ரெண்டு பெருநாளைக்கு ஊருக்கு வரல. உம்மாகிட்ட டூட்டின்னுட்டேன். டூட்டிதான், நானே கேட்டு வாங்குன டூட்டி. வீட்டுல சும்மா உக்காந்தா நட்டம்னு தோணுது மாப்ள. பழகிருச்சு. உனக்கு இது வேணாம். புள்ள நடக்குறதப் பாரு."

பிறகு இருவரும் சம்பளச் சீட்டைப் போனில் திறந்து மேசையில் வைத்தோம். உன் சம்பளத்தை நீ ஓட்டிய மணியாலும் என் சம்பளத்தை நான் ஓட்டிய மணியாலும் வகுத்தேன். மணிக்கு இரண்டு கொத்துப் பரோட்டா விலைதான் வித்தியாசம். அவ்வளவுதான். இதற்காகவா நான் பல்லைக் கடித்துக்கொண்டு தூங்கினேன்? வந்த கோபத்துக்கு உன்னைத் தூக்கிக் கடலில் போட்டிருப்பேன். "ஹாரன் அடிச்சுக் காட்டுனியேடா, ஹாரன்!" என்று நான் கத்தியதில் டீக்கடையே திரும்பிப் பார்த்தது.

அடுத்து நீ செய்ததை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். கருவாட்டுக்கார அம்மா வாளையை எடுத்து வைத்துக்கொண்டு, "பேப்பர் இருக்காப்பா சுத்த?" என்று கேட்டார். நீ என் முகத்தைப் பார்த்துக்கொண்டே விண்ணப்பத்தை நீட்டினாய். நான் தடுக்கவில்லை. உன் கம்பெனியின் பளபளப்பான முத்திரை மேல் நாலு வாளை படுத்துக்கொண்டது. இராமநாதபுரம் வரும்வரை நான் உன்னோடு பேசவில்லை. ஊருக்குள் நுழைந்ததும் "பசிக்குது" என்றாய். "அந்தப் பாதி வடை எங்கடா?" என்றேன். அதன்பிறகு காரை ஓரங்கட்டிவிட்டுச் சிரித்தோம்.

என்னைத் தடுத்ததோடு நீ நிற்கவில்லை. அடுத்த வருஷம் நீயே என் கம்பெனிக்கு வந்துவிட்டாய். வெளியிலிருந்து வருகிறவர் வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டும் என்பது எங்கள் கம்பெனி வழக்கம். கேப்டனாக இருந்தவன் மறுபடி துணை விமானியாக, நாலு கோட்டில் ஒன்றைக் கழற்றிவிட்டு மூன்று கோட்டோடு வந்தாய். அந்தச் சட்டையில் உன்னைப் பார்த்த உம்மா பதறிப் போனார். "யா அல்லாஹ், என்ன தப்பு செஞ்ச தம்பி? ஒரு கோட்டப் புடுங்கிட்டாகளே!" நீ எவ்வளவு விளக்கியும் அவர் நம்பவில்லை. நாலு கோடு கொடுத்த கம்பெனிதான் நல்ல கம்பெனி, என் கம்பெனி கஞ்சக் கம்பெனி என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார். நீயோ அந்த ஒற்றைக் கோட்டை ஆட்டுக்குட்டிக்குக் கழுத்தில் கட்டிவிட்டு எனக்குப் படம் அனுப்பினாய்.

மாதத்தில் பாதி நாள் ஊரில் இருந்தாய். பெருநாள் பிரியாணியை உன் கையாலேயே எனக்குக் கொண்டுவந்தாய். என் மகள் நடந்ததை நான் பார்த்தேன், அவள் உன் தொப்பியைப் போட்டுக்கொண்டு நடந்ததை நீயும் பார்த்தாய்.

மதுரையிலிருந்து கொழும்புக்கு நாம் முதல் முறை சேர்ந்து ஓட்டிய காலைதான் எனக்கு எல்லாவற்றுக்கும் மேல். வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. சாயல்குடி தாண்டி மாரியூர்க் கடற்கரை தெரிந்ததும் மைக்கை உன்னிடம் கொடுத்தேன். எழுதி வைத்த அறிவிப்பை ஒழுங்காகப் படித்தாய். பிறகு தாளைக் கீழே வைத்துவிட்டாய்.

"இடது பக்கம் உக்காந்திருக்கவுக கொஞ்சம் வெளிய பாருங்க. தூரத்துல தெரியிறது பாம்பன் பாலம், அதுக்கு அங்கிட்டு இராமேஸ்வரம். இங்கன கிட்டத்துல தெரியிறது கீழக்கரை. அங்கன ஒரு மொட்டை மாடியில எங்க உம்மா நிக்கிறாக. அவுகளுக்கு நம்ம தெரிய மாட்டோம். இருந்தாலும் எல்லாரும் ஒரு தடவ கை காட்டிருங்க."

காட்டினார்கள் மாப்ள. வலது பக்கத்தில் இருந்தவர்களும் எழுந்து வந்து காட்டினார்கள் என்று பணிப்பெண் வந்து சொன்னாள். உன் முகத்தை நான் அன்றைக்குத்தான் முழுசாகத் தூங்கி எழுந்த முகமாகப் பார்த்தேன்.

இரண்டு வருஷம் கிடைத்தது. அதற்குப்பின் வழக்கமான மருத்துவப் பரிசோதனையில் எதையோ கண்டுபிடித்தார்கள், ஆறே மாதத்தில் முடிந்தது. அதைப் பற்றி எழுத எனக்குப் பிடிக்கவில்லை. நீ இல்லாதது எனக்கு வலிக்கிறது, அவ்வளவுதான். ஆனால் கடைசியில் நீ என் கையைப் பிடித்து, "அந்த ரெண்டு வருசம் ரெண்டு கொத்துப் பரோட்டாவுக்குக் கெடச்சுச்சு மாப்ள, கொள்ள மலிவு" என்றாய். ஆஸ்பத்திரி என்றுகூடப் பார்க்காமல் இருவரும் சிரித்து நர்ஸிடம் திட்டு வாங்கினோம்.

பந்தயம் நின்றுவிடும் என்று நினைத்தேன். உம்மா விடவில்லை. விமானம் எங்கே போகிறது என்று காட்டும் ஆப் ஒன்றை நீ அவர் போனில் போட்டுக் கொடுத்தாயே, அதில் காலையில் கொழும்பு போகிற இரண்டு கம்பெனி விமானத்தையும் பார்க்கிறார். உன் பழைய கம்பெனி அவர் கட்சி. நான் நேரத்துக்குக் கிளம்பினால் கீழக்கரையிலிருந்து மதுரைக்குப் பஸ்ஸில் கருவாட்டுப் பொட்டலம் வரும். தாமதமானால் நான் வாங்கித் தர வேண்டும். போன வாரத்து வாளை அவர் தோற்றது.

இன்றைக்கு நான் தோற்றேன். கொழும்பில் இறங்கிப் போனைப் போட்டதுமே அழைப்பு. "ஒம்போது நிமிசம் லேட்டு தம்பி. அவுக பிளேன் எப்பவோ போயிருச்சு. எனக்கு வஞ்சிரம் வேணும்."

அந்தச் சந்தோஷத்தில் இருந்தவரிடம் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். "உம்மா, உங்க கம்பெனி என்னையக் கூப்புடுது. நல்ல சம்பளம். டெல்லிக்கு வரச் சொல்றாக." அவர் கட்சிக் கம்பெனி, குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ வேறு ஒன்றைக் கேட்டார்.

"இன்னைக்கும் மைக்குல சொன்னியா தம்பி?"

"சொன்னேன் உம்மா."

"காட்டுனாகளா?"

"எல்லாரும் காட்டுனாக."

"நானும் காட்டுனேன்" என்றார். "நீ டெல்லிக்குப் போயிட்டா, இங்கன யாரு சொல்லுவா?"

நாளைக்கு எனக்கு விடுமுறை. மகளையும் கூட்டிக்கொண்டு பாம்பனுக்குப் போகிறேன். அந்த அம்மா இன்னும் அதே இடத்தில்தான் கடை போடுகிறார். வஞ்சிரத்தை எடுத்து வைத்துக்கொண்டு, சுற்றப் பேப்பர் இருக்கிறதா என்று கேட்பார்.

இருக்கிறது மாப்ள. பையிலேயே இருக்கிறது.