திருத்திய வரிகள்

அன்பு மகளே,

உன் அம்மாவைப் புதைத்து மூன்று வாரம் ஆகிறது. எதுகையும் இயைபும் இல்லாமல் கவிதை எழுதுகிறாள் என்று பாஸ்டனே அவளைக் கேலி செய்தது உனக்குத் தெரியும். ஊர் மெச்சட்டும் என்று அவளுடைய கடைசிக் கவிதைகளைத் திருத்தி அச்சுக்குக் கொடுத்தேன். அவள் கைப்பட எழுதியதை எரித்துவிட்டேன். திட்டாமல் மேலே படி.

இன்று மதியம் அச்சகக்காரர் பெலெக் முகம் வெளுத்து வந்தார்.

"நீங்க குடுத்தபடிதான் அச்சுக் கோத்தேன் ஐயா. தாள்ல வேற வரி வருது. மூணு தடவை பாத்துட்டேன்," என்றார்.

அவர் நீட்டிய தாளில் இருந்தவை நான் எரித்த அவளுடைய வரிகள். என்னைத் தவிர யாரும் படிக்காதவை.

"அப்படியே அடிச்சிடுங்க," என்றேன்.

பிறகு, முதல்முறையாகத் திருத்த நினைக்காமல் அவளைப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாள்.

தனியாக இருக்கப் பயமாயிருக்கிறது. ஆனாலும், ஒருவேளை அவள் வந்தால் என்று, கதவைத் தாழிட மனம் வரவில்லை.

உன் அப்பா