விளக்கு வைத்த பிறகு கருவாடு

ஜூலை 11, திங்கள்

வெயில். உப்பளத்துப் பக்கமிருந்து அனல் காற்று. பாப்பாவுக்குச் சளி. காய்ச்சல் இல்லை. இருந்தாலும் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்.

ஆபீஸ் வேலை, சின்னக் கடைகளை டெலிவரி ஆப்பில் ஏற்றிவிடுவது. இன்று செல்வி அக்காவின் கருவாட்டுக் கடை. கொரோனாவுக்கு முன்பு ஈசிஆரில் கார்கள் நின்று வாங்கும். இப்போது நிற்பதில்லை. இதுவும் ஓடவில்லையென்றால் கடையை மூடிவிட்டு உப்பளத்துக்குக் கூலிக்குப் போகவேண்டியதுதான் என்கிறார்.

போட்டோவுக்குக் கருவாட்டின் மேல் மல்லிப்பூ வைத்திருந்தார். "அழகா இருக்கட்டுமேன்னுதாம்மா." பூவை எடுக்க வைப்பதற்குள் பாதி நாள் போயிற்று.

12, செவ்வாய்

விளக்கு வைக்கும் நேரத்தில் முதல் ஆர்டர். சந்தோஷப்படுவதற்குள் கேன்சல். செய்தது அக்காவேதான். போன் செய்தேன்.

"விளக்கு வச்சாச்சும்மா. இனிமே உப்பு கைமாறக் கூடாது. லட்சுமி போயிடும்."

"அக்கா, அது உப்பு இல்ல, கருவாடு."

"கருவாட்டுல உப்பு போடாம சக்கரையா போட்டிருக்கேன்?"

13, புதன்

புழுக்கம். பாப்பா சாப்பிடவில்லை.

இருட்டிய பிறகு இன்னொரு ஆர்டர். டெலிவரிக்காரர் எனக்கு போன்: "ஏங்க, அந்தம்மா பார்சல கட்டி மடியில வச்சிக்கினு, காலையில வான்னுது." இதுவும் கேன்சல். இன்னும் ஒரு கேன்சல் என்றால் கடையை நீக்கிவிடுவார்களாம், ஆப்பிலிருந்து மெசேஜ்.

அக்கா பதறுகிறார். "எதனா பண்ணும்மா." பண்ணுகிறேன், சாயங்காலம் கொடுங்கள் என்றால், "அது மட்டும் முடியாது."

கடை நேரத்தைக் குறைக்கலாமா என்று ஆபீஸில் கேட்டேன். ஆர்டரே சாயங்காலம்தான் வரும், பேசிப் புரியவையுங்கள் என்றார்கள். எம்.காம். படித்தது இதற்குத்தான்.

14, வியாழன்

மதியம் கடைக்கே போய்ப் பேசினேன். மூடநம்பிக்கை, இந்தக் காலத்தில், அது இது. அக்கா மோர் கொடுத்தார்.

சாயங்காலம் பாப்பாவுக்குக் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தேன். உடம்பு லேசாகச் சுட்டது. எதிர்வீட்டு அக்கா கிண்ணத்தோடு வந்தார். "கொஞ்சம் உப்பு குடேன், ரசம் கொதிக்குது."

உப்பு ஜாடி கைக்குப் பக்கத்தில், நிறைய. சாமி விளக்கு எரிகிறது. இடுப்பில் பாப்பா.

"தீந்துபோச்சுக்கா."

"மரக்காணத்துல உப்பு தீந்துபோச்சா." சிரித்துக்கொண்டே போனார்.

பாப்பா தூங்கியதும் ஆப்பைத் திறந்தேன். செல்வி அக்கா கடை, மூடும் நேரம்: மாலை 6. காரணம் கேட்டது. காலியாக விட்டேன்.