முன்னால் உட்கார்ந்தவன்

உன் கையுறைகளில் இன்னும் கடை ரெக்சின் வாசனைதான் அடிக்கிறது. ஒரு நாளும் நீ போட்டதில்லை. இன்று காலை உன் அம்மா எடுத்துக் கொடுத்தார்கள்.

வேப்பந்தட்டையிலிருந்து சிறுவாச்சூர் கம்பெனிவரை தினமும் நீ பைக் ஓட்டுவாய், நான் பின்னால். அந்த மார்கழிக் காலையில் பெரம்பலூர் தாண்டியதும் கத்தினாய்.

"டேய், விரலு மடங்க மாட்டேங்குதுடா. ஒரு டீ குடிச்சிட்டுப் போவோம்."

"பதினெட்டு டிகிரிதான்டா காட்டுது. காத்தடிச்சா டிகிரி குறையாது. நேரமாச்சு, ஓட்டு."

"அப்ப முன்னாடி வந்து உக்காந்து சொல்லு, இன்ஜினியரு!"

நான் வரவில்லை. உன் முதுகுக்குப் பின்னால் எனக்குக் காற்றே இல்லை.

கம்பெனி கேட் வேகத்தடையில் உன் விரல்களால் பிரேக்கைப் பிடிக்க முடியவில்லை. விழுந்தோம். அடி ஒன்றும் இல்லை. நாலு பேர் பார்த்துவிட்டார்கள், அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. பேண்ட்டைத் தட்டிக்கொண்டே, "இந்த நடுங்கிப் பய வண்டியில ஏறுனேன் பாரு" என்றேன். சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அன்றிலிருந்து உன் பெயர் நடுங்கி.

டிகிரி குறையாதுதான். ஆனால் ஓடும் காற்று உடம்புச் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். உன் வண்டி இன்ஜினே அப்படித்தான் ஆறுகிறது. அதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். உன் விரலும் அப்படித்தான் ஆறும் என்று யோசிக்கவில்லை.

மஞ்சள் காமாலையில் நீ போனபோது கண்ணீர் அஞ்சலி பேனருக்குப் பட்டப்பெயர் கேட்டார்கள். அது இருந்தால்தான் ஊருக்குத் தெரியுமாம். பக்கத்திலேயே நின்ற நான் வாயைத் திறக்கவில்லை. உன் படத்துக்குக் கீழே 'நடுங்கி' என்று பெரிய எழுத்தில் அச்சாகிவிட்டது. அதைப் பார்த்து உன் அம்மா என்னிடம் கேட்டார்கள்: "ஏன்யா, எம்புள்ள எதைப் பாத்துய்யா நடுங்குனான்?"

இப்போது நானே வண்டி ஓட்டுகிறேன். இன்று ஊர் எல்லை தாண்டுவதற்குள் விரல் மரத்து, கிளட்ச் பிடிபடவில்லை. வண்டியைத் திருப்பி உங்கள் வீட்டுக்குப் போனேன்.

"அவன் எதுக்கும் பயப்படலம்மா. குளிரு. காத்தெல்லாம் அவன் மேலதான் அடிச்சுது. நான் பின்னாடி ஒளிஞ்சு உக்காந்திருந்தேன். அந்தப் பேரு வச்சதும் நாந்தான்."

அம்மா உள்ளே போய் இந்தக் கையுறைகளோடு வந்தார்கள். "வாங்கிட்டு வந்தான்யா. போட்டா நீ சிரிப்பேன்னு பொட்டியிலயே வச்சிட்டான். அப்ப எனக்குப் புரியல. நீ போட்டுக்க, குளிருதுல்ல."

போட்டுக்கொண்டுதான் வந்தேன். கேட் வேகத்தடையில் பிரேக் ஒழுங்காகப் பிடித்தது. யாரும் சிரிக்கவில்லை.