அன்ரி கேட்ட சோகப் பாட்டு

என் இடப்பக்கத்தில் நின்று பாடிய ஜெசிந்தாவுக்கு,

பாடகர் குழுவில் உன் இடம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்காக இதை எழுதவில்லை. எனக்கு ஒரு குழப்பம். அதைத் தீர்க்க உன்னால் மட்டும்தான் முடியும்.

நீ இறந்து ஒரு வருடமாகப் போகிறது, தேவாலயத்தில் உன் ஆண்டுப் பூசை வருகிறது. போன ஞாயிறு அஜக்ஸ் நகரில் இருக்கும் உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். உன் அம்மா தேநீரை என் முன்னால் வைத்தார்.

"பிள்ளை, பூசையில நீங்கள் அந்தச் சோகப் பாட்டைப் பாட வேணும்."

"எந்தப் பாட்டு அன்ரி?"

"அதுதான், அவள் கோப்பை கழுவேக்க முணுமுணுக்கிறது. செத்தவீட்டுப் பாட்டெண்டுதான் நினைச்சன்."

பிறகு அவரே மெல்லப் பாடிக் காட்டினார். திகைத்துப்போனேன். அது நம் ஈஸ்டர் பாட்டு!

நானூறு வருடங்களுக்கு முன் இத்தாலியில் எழுதியது. ஆறு குரல்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு, உலகமே மகிழ்ந்து பாடு என்று இலத்தீனில் ஆரவாரிக்கும் பாட்டு. சைவப்பிள்ளையான என்னை நீ குழுவுக்கு இழுத்துவந்த முதல் நாள், "உது பள்ளிக்கூடம் விட்ட சத்தமடி" என்று நீ என் காதில் சொன்னாயே, அதேதான்.

அன்ரி கேட்டது நாம் இருவரும் பாடும் அல்ற்றோவை, அந்தத் தாழ்ந்த பெண்குரலை மட்டும். மற்றவர்கள் மேலே குதிக்க, நாம் தாழ்ந்த சுரம் ஒன்றில் நிற்போம், மெல்ல இறங்குவோம், திரும்ப அங்கேயே வருவோம். தனியே கேட்டால் ஒப்பாரிதான். இத்தனை நாள் அது எனக்கு உறைக்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை அன்ரியை ஒத்திகைக்குக் கூட்டிப்போனேன். கோட்டைக் கழற்றாமல் கடைசி வரிசை வாங்கில் அமர்ந்து முழுப் பாட்டையும் கேட்டார்.

"நல்லாத்தான் கிடக்கு. ஆனா உது அவளின்ர பாட்டில்லை."

"அதேதான் அன்ரி. அவளின்ர குரல் உதுக்குள்ளதான் இருக்கு."

"எனக்குக் கேக்கேல்லையே, பிள்ளை."

401 நெடுஞ்சாலை வழியே அவரைக் காரில் திரும்பக் கொண்டுவந்தேன். வீட்டு வாசலில் இறங்கும்போது சொன்னார்: "அவளின்ரதை மட்டும் பாடு."

நோய் தெரிந்த பிறகும் நீ அதைத்தான் முணுமுணுத்தாய். அப்போது உனக்குள் மற்ற ஐந்து குரல்களும் கேட்டனவா? அல்லது அன்ரி கேட்டதைத்தான் நீயும் கேட்டாயா? முழுதாகப் பாடினால் அன்ரிக்கு நீ கிடைக்கமாட்டாய். தனியே பாடினால் அந்தப் பள்ளிக்கூடம் விட்ட சத்தம் இருக்காது. எது உன் பாட்டு?

இன்னொன்றும் இருக்கிறது. நடுவில் வரும் அந்த நீண்ட வரியை நாம் ஒருபோதும் ஒரே இடத்தில் மூச்செடுத்துப் பாடியதில்லை. நான் மூச்செடுக்கையில் நீ பிடித்திருப்பாய். நீ எடுக்கையில் நான். கேட்பவர்களுக்கு அது அறாத ஒரே குரல். தனியே என்னால் அதைக் கடக்க முடியவில்லை. வீட்டில் பாடிப் பார்த்தேன், ஒவ்வொரு முறையும் அறுந்தது.

அறுந்தால் அறுந்துபோகட்டும். பூசையில் நம் குரலை மட்டும் பாடுகிறேன். நான் மூச்செடுக்கப் பாட்டு நிற்கும் இடங்களிலெல்லாம் முன்பு பாடிக்கொண்டிருந்தது நீதான் என்று அன்ரிக்கு முன்பே சொல்லிவைக்கிறேன். ஈஸ்டர் அன்று ஆறு குரலோடும் பாடுவேன். அவரும் வருவார், அதே கடைசி வாங்குக்கு.

இப்படிக்கு,
உன் அம்மாவின் மற்றப் பிள்ளை,
துளசி