ஊமத்தை வேரில் காய்த்த கத்திரி

வானம் வழங்குக. எல்லை நிலைபெறுக. கடல்முகம் முதல் கருமலை வரை நெடுங்கரை நாட்டை ஒரு குடைக்கீழ் ஆளும் அரசியார் நல்வேண்மாள் திருவாய் மலர்ந்தருளியபடி, ஓலைநாயகம் ஆதன் அழிசி எழுதுவது. கடுவெளிக் கோட்டையின் புதிய தலைவர் படைமுதலி எயினங்கண்ணனார் கண்டுகொள்க. உம் மதிலும் சுனையும் மக்களும் நலம் பெறுக.

உமக்கு முன் அக்கோட்டையைக் காத்த ஏனாதி பொறையங்காரியாரைப் பற்றி அங்கே பலரும் பலவாறு பேசுவதாக அறிகிறோம். நடந்ததை நீர் உள்ளபடி அறிந்து, வரும் அமாவாசையன்று மலையிலிருந்து தள்ளப்பட இருக்கும் மடைப்பள்ளிக் கொற்றியைக் காக்கவே இவ்வோலை.

போர் ஓய்ந்தபின் ஏனாதியாரின் கை மண்வெட்டியைப் பிடித்தது. பிறர் மல்லிகை வளர்க்க, அவர் முள் வளர்த்தார். நம் கள்ளியைக் கீறினால் பால் வடிகிறது, மரக்கலத்தார் கொணர்ந்த கள்ளியைக் கீறினால் நீர் வடிகிறது. இது ஏன் என்று பகலெல்லாம் யோசிப்பார். அந்த அயல்நாட்டுக் கள்ளியைத் தின்றவர் காதில் நிறங்கள் ஒலிக்கும் என்று மாலுமி சொன்னதால், அதைப் பூட்டிய முற்றத்தில் வைத்தார். ஆசை இருந்தும் தின்றதில்லை. ஆபத்து அந்தப் பூட்டுக்குள் இருப்பதாகவே அவர் நம்பினார்.

கடுவெளியின் கல்நிலத்தில் கத்திரி வேரோடாமல் சாகும். கோயில் நந்தவனத்தில் இறைவனுக்கென வளரும் ஊமத்தையோ அதே மண்ணில் செழித்து நிற்கும். அந்த வேரில் இந்தத் தளிர் பிழைக்குமா என்று அவருக்கு ஓர் எண்ணம். ஊமத்தைத் தண்டை வெட்டி, கத்திரித் தளிரை வாழைநாரால் ஒட்டுக் கட்டினார். ஒட்டு பிடித்தது. கைகொள்ளாத காய்கள் காய்த்தன.

கோட்டைக்குள் எது காய்த்தாலும் முதலில் பறிக்கும் தலைக்காய் வாயிற்காவலர் பானைக்குப் போவது அவ்விடத்து வழக்கம். அவரும் மகிழ்ந்து அனுப்பினார்.

அதை உண்ட காவலர்க்குப் பிற்பகலில் நா வறண்டது, கருவிழி அகன்றது. புல்லறுக்கப் போன பெண்கள் தலைச்சுமையோடு திரும்பியபோது, காவலர் கண்ணுக்கு அது பகைப்படையாய்த் தெரிந்தது. அம்புகள் பாய்ந்தன. பதினொரு பெண்கள் வாயிலில் விழுந்தனர். அவர்களுள் காவலரின் மனைவியரும் இருந்தனர்.

பானையில் நஞ்சு இட்டவள் அதைச் சமைத்த கொற்றியே என ஊர் கொதித்தது. ஏனாதியாரும் அவ்வாறே கருதிக் கொலைத்தண்டம் விதித்தார். அவள் அழவில்லை. "உப்பும் புளியும் போட்டேன், ஏனாதி. வேறென்ன போட்டேன் என்று நீரே பானையில் கைவிட்டுப் பாரும்" என்றாள். அவர் விட்டார். கையில் ஒரு கத்திரிக்காம்பு வந்தது. ஊமத்தை வேரின் நஞ்சு ஒட்டு வழியே காயில் ஏறியது என்று அவையில் சொன்னார்.

மருத்துவர் செங்கீரனார் அவர் சொன்னதைக் கேட்டு நகைத்தார். வேர் எதுவானாலென்ன, கிளை கத்திரியென்றால் காயும் கத்திரிதான் என்றும், ஏனாதியாருக்குக் கள்ளிப்பித்துத் தலைக்கேறிவிட்டது என்றும் அவையில் சொன்னார். விதித்த தண்டத்தைத் திருப்பும் உரிமை அரசியார்க்கு மட்டுமே உண்டு; அதற்குச் சான்று வேண்டும்.

ஆகவே ஏனாதியார் இரண்டு சட்டிகள் வைக்கச் சொன்னார். நீரும் உப்பும் விறகும் ஒன்றே. ஒன்றில் சந்தைக் கத்திரி. மற்றதில் ஒட்டுக் கத்திரி. சமைத்தவர் மருத்துவரே. சந்தைக் கத்திரியை மருத்துவர் உண்டார். மற்றதை ஏனாதியார் மிச்சமின்றி உண்டார். உண்ணுமுன், தாம் என்ன பிதற்றினாலும் கொற்றியை விட்டுவிட வேண்டுமென்று நமக்குச் சொல்லி அனுப்பினார்.

மருத்துவர்க்கு ஒன்றும் ஆகவில்லை. ஏனாதியாரோ மாலையில் வாயிலுக்கு ஓடி, தாமே தாழ் நீக்கி, யாருமற்ற பாதையைப் பார்த்து, "வாங்கம்மா, சீக்கிரம் வாங்க, இருட்டுது" என்று அழைக்கத் தொடங்கினார். காவலர் முகத்தை மூடிக்கொண்டனர். காவலர்க்குத் தெளிந்த பித்து அவர்க்கு இன்னும் தெளியவில்லை என்று மருத்துவர் எழுதியிருக்கிறார்.

ஆதலால் அரசியார் ஆணை. கொற்றியை ஓலை கண்ட நாழிகையே விடுக. ஒட்டுச் செடிகளை வேரோடு தோண்டி ஆழப் புதைக்க. எரிக்கற்க, புகையும் நஞ்சு. அயல்நாட்டுக் கள்ளியை மரக்கலத்தாரிடமே திருப்புக. ஏனாதியாரைக் கொல்லற்க, கட்டற்க. வாயிலருகே இருக்க விடுக.

ஏனாதியாருக்குச் சோறிடுவார் எவருமில்லை என்று அறிந்து, நீ இடுவாயா என்று சிறையிலிருந்த கொற்றியிடம் நம் தூதர் வினவினார். "ஆக்கிப் போடுறேன். ஆனா யார் முன்னாலயும் தின்னு காட்டமாட்டேன்" என்றாளாம். அவள் ஆக்கிய சோற்றை முதலில் நீரே உண்பீராக. ஊர் அதைக் காண்பதாக.

இது அரசியார் கைம்முத்திரை இட்ட ஓலை. இதை மறுத்தவர் அப்பதினொருவர் சாவுக்கும் பொறுப்பாவர்.