மூன்றாம் சரணம் உங்கள் குரலில் வந்தது

அக்கா,

நேற்று மாலை சபையின் கொயர் பாட்டுப் பயிற்சியில், புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி எல்லோருக்கும் ஜெராக்ஸ் தாள் கொடுத்துக்கொண்டே வந்தாள். என் கைக்கு வந்ததைப் பார்த்தால் உங்கள் கையெழுத்து. நாம் வருடா வருடம் பாடிய அதே பழைய கிறிஸ்துமஸ் பாட்டு. ஓரத்தில் "இங்கே மூச்சு" என்று நீங்கள் பென்சிலில் குறித்திருந்ததுகூட ஜெராக்ஸில் விழுந்திருந்தது.

"யாரோ பழைய சிஸ்டர் எழுதினதாம் ஆன்ட்டி. அச்சு மாதிரி இருக்குல்ல?" என்றாள்.

ஆமாம் என்றேன். நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகிறது. அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம்தான்.

கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் தினமும் ஒரே பஸ்ஸில் போனோம். ஒரே சபை, ஒரே ஆஸ்பத்திரி, ஒரே வார்டில் நர்ஸ் வேலை. நீங்கள் இன்சார்ஜ், நான் உங்களுக்குக் கீழே. நவம்பர் பிறந்துவிட்டால் பஸ்ஸிலேயே பயிற்சி ஆரம்பித்துவிடும். நான் ராகத்தைப் பிடிப்பேன், நீங்கள் கீழ்க்குரலில் ஆல்ட்டோ பாடுவீர்கள். முட்லூர் தாண்டினால் கண்டக்டர் வந்து, "சிஸ்டருங்களா, கொஞ்சம் சத்தமாத்தான் பாடுங்களேன், டிரைவருக்குத் தூக்கம் வருது" என்பார். நீங்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பீர்கள். வெள்ளாற்றுப் பாலம் வந்ததும் நிறுத்திவிடுவோம். அதற்குமேல் டியூட்டி நினைப்பு வந்துவிடும்.

உண்மையைச் சொன்னால், அந்த நாட்களில் அது எனக்கு வெறும் பாட்டு. கேக், புதுப்புடவை, கூரையில் நட்சத்திரம் என்பதோடு சேர்ந்த இன்னொன்று. நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள். விசுவாசம் என்பது அதுதான் என்று நினைத்திருந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமையை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். சேத்தியாத்தோப்புப் பக்கத்திலிருந்து ஆபரேஷனுக்கு வந்திருந்த அந்த அம்மாவுக்கு ஊசி போட்டது நீங்கள். மருந்து ஒத்துக்கொள்கிறதா என்று டெஸ்ட் டோஸ் போட்டுப் பார்க்கவில்லை. நான்கு புது கேஸ் ஒன்றாக வந்திருந்தது, அவசரம். நான் பக்கத்துக் கட்டிலில் டிரஸ்ஸிங் பண்ணிக்கொண்டே பார்த்தேன். "கேஸ் ஷீட்ல நீயே எழுதிடு, நான் அந்தப் பெட்டப் பாக்குறேன்" என்றீர்கள். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்படி எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன்.

பத்து நிமிடத்தில் அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் வீங்கி மூச்சு முட்டியது. எல்லோரும் ஓடி வந்து காப்பாற்றிவிட்டார்கள். அது தேவன் செய்த கிருபை. ஆனால் மறுநாள் விசாரணை வைத்தார்கள். "ஊசி போட்டது யாரு?" என்று பெரிய டாக்டர் கேட்டபோது நான் உங்களைப் பார்த்தேன். நீங்களே சொல்வீர்கள் என்று அவ்வளவு நம்பினேன், அக்கா.

நீங்கள் தரையைப் பார்த்தபடி சொன்னீர்கள்: "ஷீட்ல யாரு கையெழுத்து இருக்கோ, அவுங்கதான் சார்."

அதற்குப் பிறகு நான் என்ன சொன்னாலும் எடுபடவில்லை. அன்றைக்கே என்னை அனுப்பிவிட்டார்கள். வாசலில் அந்த அம்மாவின் தம்பி என்னை வழிமறித்து, "எங்கக்காவக் கொல்லப் பாத்தியே" என்று கத்தினார். மாடி ஜன்னலில் நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள். சிதம்பரத்தில் வேறு எந்த ஆஸ்பத்திரியும் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. உங்கள் மகள் அப்போது காலேஜில் முதல் வருடம், வீட்டில் உங்கள் சம்பளம் ஒன்றுதான் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். பயந்துவிட்டீர்கள். அது புரிகிறது. புரிந்ததால் வலி ஒன்றும் குறைந்துவிடவில்லை.

கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன். அங்கே நீங்கள் இருந்தீர்களே.

டிசம்பரில், வீடு வீடாகப் பாடிக்கொண்டு போகிற கீதபவனி எங்கள் தெருவுக்கும் வந்தது. விளக்கு வைக்கும் நேரம். கதவைத் திறந்த என் கணவர் உள்ளே வந்து, "அவுங்களும் வந்திருக்காங்க. வெளிய வர்றியா?" என்று மெதுவாகக் கேட்டார். நான் சமையற்கட்டுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன்.

நம் பாட்டைத்தான் பாடினார்கள். அந்த வருடம் ராகத்தைப் பிடிக்கச் சரியான குரல் இல்லை. பெண்கள் பாதியிலேயே தடுமாறினார்கள். மூன்றாவது சரணத்தில் உங்கள் ஆல்ட்டோ மட்டும் தனியாக நின்றது. இத்தனை வருடத்தில் அந்தக் குரலை நான் தனியாகக் கேட்டதே இல்லை. எப்போதும் அதற்கு மேலே நான் பாடிக்கொண்டிருப்பேன். பழகாத ராகத்தில் கேட்டதாலோ என்னவோ, ஒவ்வொரு சொல்லும் துலக்கமாகக் காதில் விழுந்தது. ஊருக்கு வெளியே குளிரில் கிடந்த மேய்ப்பர்களிடம் தூதன் வருகிற இடம் அது. உள்ளே படுத்திருந்த பெரிய மனிதர்களை விட்டுவிட்டு, யாரும் சேர்த்துக்கொள்ளாதவர்களைத் தேடிப்போய், பயப்பட வேண்டாம், உங்களுக்காகத்தான் பிறந்திருக்கிறார் என்று சொல்கிற இடம்.

அரிசிப் பானைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குத்தான் என் சொந்த வாயால் முதல் ஜெபம் செய்தேன். அதுவும் சண்டைதான். "ஆண்டவரே, இத எனக்குச் சொல்ல வேற குரலே கெடைக்கலியா உமக்கு?" என்று கேட்டு அழுதேன். அழ அழ, என்னை அவர் பார்க்கிறார் என்பது மட்டும் உறுதியாகிவிட்டது. யார் என்ன எழுதி வைத்திருந்தாலும், அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நடந்தது அவருக்குத் தெரியும்.

வெளியே வந்தபோது நீங்கள் எல்லோரும் அடுத்த தெருவுக்குப் போய்விட்டிருந்தீர்கள்.

மறுவாரம் கடலூரிலேயே ஒரு சின்ன கிளினிக்கில் வேலை கேட்டுப் போனேன். அந்த டாக்டரம்மா சான்றிதழைக் கேட்பதற்கு முன்பே நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன். அவர், "நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடு" என்றார். இன்றுவரை அங்கேதான் இருக்கிறேன். கோயிலுக்கும் திரும்பிப் போனேன். உங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்து, திரும்பிப் பார்க்காமலேயே வருடங்களை ஓட்டினேன். நீங்கள் சிதம்பரத்துக்கே குடிபோன பிறகுதான் கொயரில் மறுபடி சேர்ந்தேன்.

பிறகு உங்கள் மகள் போன் செய்தாள். "ஆன்ட்டி, அம்மாவுக்கு ரொம்ப முடியல. ஒங்களப் பாக்கணும்னு சொல்றாங்க." மத்தியான பஸ்ஸில் கிளம்பினேன். ஒரு வார்த்தைக்காகத்தான் கூப்பிடுகிறீர்கள் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன். நீங்கள் கட்டிலில் பாதியாகிக் கிடந்தீர்கள். "கிளினிக்ல வேல ஜாஸ்தியா?" என்று கேட்டீர்கள். மகளை டீ போட அனுப்பினீர்கள். இதோ, இப்போது என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பாட்டப் பாடேன்" என்றீர்கள்.

பாடினேன். மூன்றாவது சரணத்தில் உங்கள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. முடித்துவிட்டுக் காத்திருந்தேன்.

"அக்கா, எங்கிட்ட வேற எதுனா சொல்லணுமா?"

கண்ணை மூடிக்கொண்டீர்கள். ஓரத்தில் ஈரம் இருந்தது. "பஸ்ஸு போயிடும். கெளம்பு" என்றீர்கள்.

ஒன்பதாம் நாள் போய்விட்டீர்கள். அடக்கம் முடிந்து கல்லறை வாசலில் உங்கள் மகள் என் தோளில் சாய்ந்து அழுதாள். "எங்கம்மா யாருக்கும் ஒரு கெடுதல் நெனச்சதில்ல ஆன்ட்டி. ஒங்களுக்குத் தெரியும்ல?"

வாய்வரை வந்தது, அக்கா. சொல்லியிருந்தால் என் பாரம் இறங்கியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்தேன். "ஒங்கம்மா மாதிரி ஆல்ட்டோ பாட நம்ம சபையில ஆளு கெடையாது" என்றேன். அது பொய் இல்லை.

இதை மன்னிப்பு என்று நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்காக இன்னும் ஜெபித்துக்கொண்டுதான் இருக்கிறேன். சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை. எனக்கு ஆண்டவரைக் காட்டிய குரலும், என்னைக் காட்டிக்கொடுத்த குரலும் ஒன்றாக இருந்துவிட்டது. ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றைத் தூக்கி எறிய முடியுமா என்று எவ்வளவோ பார்த்துவிட்டேன். முடியவில்லை. இரண்டையும்தான் சுமந்துகொண்டு போகிறேன்.