கடைவாய்ப் பல்லும் வெள்ளிக்கிழமை பேக்கப்பும்

ஜூன் 5, வியாழன்

பல் மருத்துவமனையில் சர்வரைப் பார்த்துக்கொள்பவனுக்கே பல்வலி. யாரிடம் சொல்ல? சொன்னால் பிடுங்கிவிடுவார்கள்.

இன்று டாக்டரம்மா என் அறைக்கே வந்துவிட்டார். வாராவாரம் பேக்கப் எடுக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். "எடுக்கிறது இருக்கட்டும், திரும்பி வருமா?" என்றார். எடுத்த நகலை ஒரு தடவைகூட வேறு கணினியில் போட்டுப் பார்த்ததில்லை என்று எப்படிச் சொல்வது? கண்டிப்பாக வரும் என்றேன். திங்கட்கிழமை காட்ட வேண்டுமாம். வராவிட்டால் சர்வரை வெளிக் கம்பெனியிடம் ஒப்படைத்துவிடுவாராம். அப்புறம் எனக்கு இங்கே என்ன வேலை?

ஜூன் 6, வெள்ளி

வரவேற்பு மேசை அக்கா என் வீங்கிய கன்னத்தைப் பார்த்துவிட்டார். வேண்டாம் என்று சொல்வதற்குள், திங்கள் பத்து மணிக்குப் பல் பிடுங்க என் பெயரைப் போட்டுவிட்டார். என் வீட்டுக்காரிக்கும் போன் பண்ணிச் சொல்லியாகிவிட்டது. பாவி.

சாயங்காலம் வழக்கம்போல் பேக்கப் எடுத்தேன்.

ஜூன் 7, சனி

சர்வரில் நுழைந்து என் பெயரை அழித்தேன். சாவி என் கையில்தானே இருக்கிறது? வலியே பாதி குறைந்த மாதிரி இருந்தது.

ஜூன் 8, ஞாயிறு

விடுமுறை. எக்ஸ்ரே அறையில் சும்மா கிடந்த கணினியில் வெள்ளிக்கிழமை பேக்கப்பை அப்படியே இறக்கினேன் — லினக்ஸ், நோயாளிகள் பட்டியல், எக்ஸ்ரே படங்கள், ஒன்று விடாமல். ஆன் பண்ணினால் கறுப்புத் திரை. பிறகுதான் புரிந்தது, பழைய டிஸ்க்கின் அடையாள எண்ணையே தேடிக்கொண்டு நிற்கிறது. வீடு மாறிய பிறகும் பழைய வீட்டுச் சாவியைப் போட்டுத் திருகுகிற கதை. அட மடையா, அதை மாற்ற வேண்டாமா? புது எண்ணை எழுதி, கணினியை எழுப்பிவிடும் பூட்லோடரையும் மறுபடி போட்டேன். எழுந்துவிட்டது! தனியாக ஒரு ஆட்டம் போட்டேன். காலையில் டாக்டரம்மா பார்க்கட்டும் என்று ஓடவிட்டு, வீட்டுக்குச் சாப்பிடப் போனேன்.

ஜூன் 9, திங்கள்

மானம் போச்சு. நெட்வொர்க் வயரைக் கழற்றாமல் வந்திருக்கிறேன். சர்வர் செய்கிற வேலையெல்லாம் அதன் நகலும் செய்திருக்கிறது, 'நாளை வாருங்கள்' என்று எல்லாருக்கும் செய்தி அனுப்புவது உட்பட. சனிக்கிழமை ரத்து செய்தவர்களுக்கும் அழைப்பு போயிருக்கிறது. அவர்கள் இடத்தில் புதிதாக நேரம் வாங்கியவர்களும் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரே நாற்காலிக்கு இரண்டு வீங்கிய கன்னங்கள் சண்டை. அக்கா என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தார்.

டாக்டரம்மா இரண்டு திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுல பத்து மணிக்கு உங்க பேர் இருக்கு. அதுல இல்ல. எது சரி?"

பேக்கப் தப்பு என்றால் வேலை போகும். சரி என்றால் பல் போகும். இப்படியா வந்து மாட்டுவேன்?

"பேக்கப்தான் சரிங்க டாக்டர்."

"அப்ப வாங்க, வந்து உக்காருங்க."

ஜூன் 10, செவ்வாய்

வாயில் பஞ்சு. வெளிக் கம்பெனியை வர வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாராம். வீட்டுக்காரி கேட்பதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டுகிறேன். இப்போதுதான் நல்ல புருஷனாம்.

ஜூன் 13, வெள்ளி

பேக்கப் எடுக்குமுன் பட்டியலைப் பார்த்தேன். திங்கள் பத்து மணி, தையல் பிரிக்க, என் பெயர். கை தன்னால் அழிக்கப் போனது.

அழித்து என்ன பயன்? திரும்பி வரும்.